பத்து மீட்டருக்குள் என் மனைவி

பழுதான கருவியால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். கெடுதல் எல்லாம், "சரி பண்ணியாச்சு" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறோமே, அந்தக் கருவிகளால்தான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அப்படி ஒரு கருவியைச் சரி பண்ணினேன். அன்று பிற்பகலுக்குள், கல்யாணமாகி இரண்டாவது வருடம்கூட முடியாத என் மனைவியைத் தொலைத்துவிட்டுத் திருமுடிவாக்கம் கூட்டுரோட்டில் லேப்டாப்பும் கையுமாக நின்றேன்.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம் உண்டு. அரசாங்கத்திடம் உரிமம் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தே வானலையில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்பார்கள். "உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது" என்று நான் சொல்வேன். "உங்கள் குரலும் தெளிவாகக் கேட்கிறது" என்று அவர் சொல்வார். இருவருக்கும் பரம திருப்தி.

அப்போது பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மொட்டை மாடியில் நான் கட்டிய ஆன்டெனாக் கம்பியில் கீழ்வீட்டு அம்மா துண்டு காயப்போடுவார். எடுங்கள் என்று சொல்ல தைரியம் கிடையாது. துண்டு காய்கிறவரை பெங்களூரு சரியாகக் கேட்காது.

என் மனைவி அமுதா விழுப்புரத்துப் பெண். வந்த புதிதில் நான் பக்கத்து அறையில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு அவள் அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டாள். (அவர்கள் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்தார்கள். அது தனிக்கதை.) பிறகு, இவன் என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். புத்தகத்தை எடுத்துப் படித்தாள். தேர்வு எழுதினாள். உரிமமும் வாங்கிவிட்டாள். அவள் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாள், நான் எவ்வளவு எடுத்தேன் என்பதை வெளியில் சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அந்த நாட்களில் சமையலறையிலிருந்து தோசைக்கல்லைக் கரண்டியால் தட்டி மோர்ஸ் சங்கேதத்தில் "வா" என்பாள். நானும் மேஜையைத் தட்டி "வருகிறேன்" என்பேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தோசைகளுக்கு இருந்த ருசி பிறகு வரவில்லை.

இனி பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோவில் குரலை அனுப்புவது போலவே எழுத்தையும் அனுப்பலாம். காதுக்கு அது கடுகு தாளிக்கிற மாதிரி ஒரு 'சர்ர்ர்' சத்தமாகத்தான் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டர் வாங்கி, அனுப்பியவர் யார், எந்த இடத்தில் இருக்கிறார் என்று பிரித்துப் படித்து, திரையில் இருக்கிற வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கும். ஒவ்வொரு சர்ருக்கும் ஒரு பாக்கெட் என்று பெயர். நான் பால்கனியில் நின்று ஃபோனில் நண்பர்களிடம் "காலையிலேருந்து ஒரு பாக்கெட்கூட வரலை" என்று புலம்பினால், எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எங்களுக்கும் வரலை சார், பால்காரப் பையன் ஊருக்குப் போயிட்டானாம்" என்பார்.

சென்னையே வெள்ளத்தில் மூழ்கிய அந்தப் பெருமழைக்கு அடுத்த வருடம் எங்கள் ஹாம் கிளப்பில் ஒரு ஒத்திகை ஏற்பாடு செய்தார்கள். மழையின்போது செல்போன் கோபுரங்கள் எல்லாம் படுத்துவிட்டதை எல்லோரும் பார்த்திருந்தோம். அதனால், ஒருவர் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டதாக வைத்துக்கொண்டு, அவர் கையில் இருக்கும் சின்னக் கருவி அனுப்புகிற பாக்கெட்டை மட்டும் வைத்து அவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செல்போன் கூடாது. சிக்கிக்கொள்பவர் எந்த இடத்துக்குப் போகிறார் என்பதும் யாருக்கும் தெரியக்கூடாது.

சிக்கிக்கொள்ள அமுதா முன்வந்தாள். கண்டுபிடிக்கிற பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். கிளப் செயலாளர் ராகவன் சார், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, நிதானமானவர். "புருஷன் பொண்டாட்டியே ரெண்டு பக்கமும் இருந்தா ஒத்திகை மாதிரி இருக்குமா தம்பி?" என்று கேட்டார். எங்கள் இருவரையும் விட இந்தக் கருவிகளைத் தெரிந்தவர் கிளப்பில் யார் என்று நான் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சோப்புப்பெட்டி அளவில் இரண்டு கருவிகள் தயார் செய்தேன். ஒன்று அமுதாவுக்கு, ஒன்று அவசரத்துக்கு. முதல் கருவியில் எல்லாவற்றையும் பதிந்துவிட்டு, இரண்டாவதற்கு அதை அப்படியே நகல் எடுத்தேன். பெயர் உட்பட. அதாவது, வானலையைப் பொறுத்தவரை அன்றைக்கு எனக்கு இரண்டு மனைவிகள். இருவர் பெயரும் அமுதா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அமுதா கருவியையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு கதைப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். நான் மேற்குத் தாம்பரத்தில் ராகவன் சார் வீட்டுக்குப் போனேன். அங்கே எங்கள் செல்போன்களை ஒரு துணிப்பையில் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் வீட்டில்தான் தலைமை நிலையம். பாஸ்கர் தன் பழைய வேனோடு வந்திருந்தான். என்னோடு படித்தவன், என்னால் ஹாம் ஆனவன், என்னால் வேறு பல சங்கடங்களுக்கும் ஆளானவன். வேன் கூரையில் ஆன்டெனாவைப் பொருத்தி, அதன் ஒயரைக் கதவு வழியாக உள்ளே விட்டு, ரேடியோவில் சொருகி, ரேடியோவை லேப்டாப்பில் சொருகி, கதவை அறைந்து சாத்தினோம். தலைமை நிலையத்தோடு பேச ஒரு வாக்கிடாக்கி தனியாக இருந்தது.

பாக்கெட் வரவில்லை.

ஒலியைக் கூட்டினேன். குறைத்தேன். இடையில் இருந்த ஒயரை மாற்றினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மென்பொருளில் நான் அதுவரை தொட்டிராத ஒரு பொத்தானைத் தொட்டேன். திரை முழுவதும் ரஷ்ய எழுத்தாக வந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் பாஸ்கர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தான். வாக்கிடாக்கியில் ராகவன் சார், ஏதாவது வருகிறதா என்று மென்மையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில், முறையாகப் போவோம் என்று முடிவு செய்தேன். இரண்டாவது கருவியை எடுத்து, ரேடியோவுக்குப் பக்கத்திலேயே வைத்து, சுவிட்சைப் போட்டேன். சர்ர்ர் என்றது. திரையில் 'அமுதா' என்று ஒரு புள்ளி பளிச்சென்று விழுந்தது. ரேடியோ நன்றாக இருக்கிறது, லேப்டாப் நன்றாக இருக்கிறது, சரி பண்ணியாச்சு. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அந்தச் சந்தோஷத்தில் கருவியைப் பின்சீட்டில் இருந்த சாக்குப்பையில் போட்டுவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

சுவிட்சை அணைத்தேனா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அன்று யாரும் கேட்கவில்லை.

(இதில் இன்னொன்றும் உண்டு. வேன் கதவை அறைந்து சாத்தினோம் என்று சொன்னேன் அல்லவா? அப்படி அறைந்ததில் ஆன்டெனா ஒயர் நசுங்கி உள்ளே அறுந்துபோயிருந்தது. எங்கள் ரேடியோவுக்குக் காதே இல்லை. ஆனால் மடியில் உட்கார்ந்து கத்துகிற கருவியைக் கேட்கக் காது எதற்கு? திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பம்ப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.)

கொஞ்ச நேரத்தில் அடுத்த சர்ர்ர். புள்ளி எங்களுக்கு மிக அருகில். தூரம் பத்து மீட்டருக்குள் என்று காட்டியது.

"மச்சான், இங்கதான் எங்கயோ இருக்கா" என்றான் பாஸ்கர்.

ராகவன் சார் தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தோம். ஒரு இஸ்திரி வண்டியும் ஒரு நாயும் தவிர யாரும் இல்லை. அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு பஸ் திரும்பியது. எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாள். துரத்தினோம். நாங்கள் போகப் போகப் புள்ளியும் போனது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் பத்து மீட்டர் சரியாகத்தானே இருக்கும்? "சார், நெருங்கிட்டோம்" என்று நான் வாக்கிடாக்கியில் அறிவித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ராகவன் சார், "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். குரலில் ஒரு குழப்பம் இருந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நிறுத்தத்தில் நான் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன். பெண்கள் பக்கத்து இருக்கைகளை முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு அம்மா பையை மடியில் இறுக்கிக்கொண்டார். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தாள்.

"பொம்பளைங்க சீட்டையே பாத்துகினு போற, யாருப்பா நீ?" என்றார் கண்டக்டர்.

என் மனைவியைத் தேடுகிறேன் என்றேன். மனைவி இந்த பஸ்ஸில் ஏறினாரா என்று கேட்டார். தெரியாது, ஆனால் இங்கேதான் இருக்கிறாள், கம்ப்யூட்டரில் தெரிகிறது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

அந்த நிறுத்தம்தான் திருமுடிவாக்கம் கூட்டுரோடு. பஸ் போய்விட்டது. பின்னால் வந்த பாஸ்கர் வேனை ஓரங்கட்டினான். திரையில் புள்ளி அங்கேயே நின்றது. அப்படியென்றால் அவளும் இறங்கிவிட்டாள். வேனை அங்கேயே விட்டுவிட்டு, லேப்டாப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு நடந்து தேட ஆரம்பித்தோம். டீக்கடையின் பின்பக்கம், கல்யாண பேனரின் பின்பக்கம், பிள்ளையார் கோயிலின் பின்பக்கம் என்று பார்த்தோம். அவள் வேண்டுமென்றே ஒளிந்து விளையாடுகிறாள் என்பது பாஸ்கரின் கருத்து. நான் நடுரோட்டில் நின்று, "அமுதா, போதும், வெளிய வா" என்று கூப்பிட்டேன். ஒரு தையல் கடையிலிருந்து ஒரு அமுதா வெளியே வந்தார். அவர் வேறு அமுதா.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடையின் கீழே மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி எங்களை வெகுநேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கொண்டுவருபவர். தேசம்மா என்று பெயர். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவர் கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டு, யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"இன்னாபா, கட்டின பொண்டாட்டிய தொலச்சிட்டு பொட்டியப் பாத்துகினு கீறியே?"

தொலையவில்லை அக்கா, பத்து மீட்டருக்குள்தான் இருக்கிறாள் என்று திரையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன்னைச் சுற்றிப் பத்து மீட்டருக்குப் பார்த்தார். என்ன புடவை என்று கேட்டார்.

நான் நீலம் என்றேன். பச்சை என்றான் பாஸ்கர். (அவன் காலையில் அவளைப் பார்க்கவே இல்லை. எனக்கு உதவி செய்கிறானாம்.) தேசம்மா அக்கா அதற்கு மேல் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. டீக்கடைக்காரரையும் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, ஒரு பெண்ணைக் காணோம், எல்லாப் பக்கமும் பாருங்கள் என்று அனுப்பினார். ஊரே தேடியது. வெயில் ஏறியது.

அந்த நேரத்தில்தான் நான் முதல்தடவையாக யோசித்தேன். புள்ளி இங்கே இருக்கிறது. அவள் இங்கே இல்லை. அப்படியென்றால் கருவி மட்டும் தனியாக இங்கே வந்திருக்கிறது. அவளிடமிருந்து யாராவது பிடுங்கியிருந்தால்? அவளுக்குச் சென்னையில் தெரிந்ததெல்லாம் எங்கள் தெருவும், தாம்பரம் மார்க்கெட்டும், விழுப்புரம் பஸ் நிற்கிற இடமும்தான். கையில் போன்கூட வேண்டாம் என்று வாங்கி வைத்துவிட்டு அனுப்பியவன் நான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரோ கொடுத்த டீயை வாங்கிக் குடிக்கத் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். அமையவில்லை.

வாக்கிடாக்கியில் ராகவன் சார் குரல் வந்தது.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல ஒரு நிமிஷம் திருநீர்மலை மேல இருக்காங்க. அடுத்த நிமிஷம் உங்க பக்கத்துல இருக்காங்க. மறுபடியும் மலைக்குப் போயிடறாங்க. காலையிலேருந்து இப்படித்தான். என் கம்ப்யூட்டர்தான் சரியில்லைன்னு ரெண்டு தடவை எல்லாத்தையும் அழிச்சிப் போட்டுப் பார்த்துட்டேன். ஆனா நிக்க மாட்டேங்கிறாங்க."

நானும் பாஸ்கரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இருவரும் ஒன்றாக வேனை நோக்கி ஓடினோம். சாக்குப்பையைக் கவிழ்த்தோம். ஜாக்கி, பழைய துணி, ஸ்பேனர், அவற்றுக்கு நடுவில் சின்ன சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டு சோப்புப்பெட்டி. நாங்கள் பார்க்கும்போதே அது ஒரு பாக்கெட் அனுப்பியது. முன்சீட்டில் ரேடியோ சர்ர்ர் என்றது.

அணைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் ரேடியோவில் எந்தச் சத்தமும் இல்லை. பாஸ்கர் கதவைத் திறந்து நசுங்கிய ஒயரைத் தூக்கிக் காட்டினான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் படியில் உட்கார்ந்தேன். மலை மேலே இருக்கிறாள். பத்திரமாக இருக்கிறாள். தாம்பரம் சுற்று வட்டாரத்தில் ரேடியோ வைத்திருக்கிற எல்லோருக்கும் அது காலையிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவள் புருஷனைத் தவிர.

கூட்டத்தில் கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். தேசம்மா அக்கா கைதட்டவில்லை. குடையை மடக்கி, மீன்கூடையைத் தூக்கி வேனில் வைத்து, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நானும் வரேன். அந்தப் பொண்ணக் கண்ணால பாத்தாத்தான் எனக்கு வூட்டுக்குப் போவ மனசு வரும். உன்ன நம்ப முடியாது."

திருநீர்மலை அடிவாரத்தில் வேனை நிறுத்தினோம். கூடையோடு கோயில் பக்கம் வரக்கூடாது என்று அக்கா வேனிலேயே இருந்துகொண்டார். பாஸ்கர் அவருக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு கீழேயே தங்கிவிட்டான். படிகளில் நான் தனியாக ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பு வசனங்கள் தயார் செய்துகொண்டே போனேன்.

அமுதா மேலே ஒரு மண்டபத்து நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தாள். மஞ்சள் புடவை. பக்கத்தில் ஒரு இலையில் புளியோதரை கொஞ்சம் மிச்சம் இருந்தது. பம்மலிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் கொடுத்ததாம். அவர்கள்தான் மலையின் கதையையும் சொன்னார்களாம். ஒரு காலத்தில் இந்த மலையைச் சுற்றி ஒரே வெள்ளமாக இருந்ததாம். பெருமாளைப் பார்க்க வந்த ஆழ்வார், தண்ணீர் வடியட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தாராம்.

கருவி மண்டபத்துச் சுவரின் மேல், வானத்துக்கு நேராக, எந்தத் தடையும் இல்லாத இடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. வெள்ளம் வந்தால் உயரமான இடத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து அனுப்பினால் சிக்னலும் தூரம் போகும் என்று புத்தகத்தில் படித்ததை அப்படியே செய்திருக்கிறாள். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது விதி. நகரவில்லை.

மூச்சு வாங்க முன்னால் போய் நின்றேன். அவள் புத்தகத்தில் விரலை அடையாளம் வைத்து மூடிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, வெள்ளம் வடிஞ்சிடுச்சா?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து மிச்சப் புளியோதரையைச் சாப்பிட்டேன். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பஸ் கதையில் அவள் முகம் கொஞ்சம் இறுகியது. தையல் கடை அமுதா வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கீழே விமானம் ஒன்று மீனம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பைபாஸில் லாரிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. நாள் முழுவதும் வேன்களாக எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்றுகூட மலைப்பக்கம் திரும்பவில்லை என்றாள்.

கீழே வந்ததும் தேசம்மா அக்கா அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இதுவாய்யா நீலம்?" என்றார். அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஆள் சொல்கிறான் என்று இனி எங்கேயும் தனியாகப் போகாதே என்று சொல்லிவிட்டு, கூடையில் இருந்ததில் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து அவளிடம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அமுதா கூட்டுரோட்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மீன் அவரிடம்தான். இன்றும் நான் போய் நின்றால், "உன் வூட்டுக்காரி எங்க கீறான்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுகிறார்.

அன்றைய வரைபடத்தை ராகவன் சார் அச்செடுத்து வைத்துக்கொண்டார். மலைக்கும் எங்கள் வேனுக்கும் நடுவில் கோடு கோடாக, யாரோ பைத்தியம் பிடித்துக் கயிற்றுக்கட்டில் பின்னிய மாதிரி இருக்கும். கிளப்பின் அடுத்த கூட்டத்தில் அதைச் சட்டம் போட்டு எனக்குப் பரிசளித்தார். மேடையில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அதன் பிறகு வந்த ஒத்திகைகளில் எல்லாம் தேடுகிற பொறுப்பு அமுதாவுக்குப் போய்விட்டது. தொலைந்துபோகிற வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் சோடைபோவதில்லை.

பீர்க்கன்கரணை வீட்டைக் காலி பண்ணி, இப்போது சேலையூரில் இருக்கிறோம். அடுக்குமாடி. ஆன்டெனா கட்டச் சங்கத்தின் அனுமதி வேண்டும், துண்டு காயப்போடவும்தான். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டிய நான், கேட்டுக்கு வெளியே போனில் யாருடனோ பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். உள்ளே போனபோது, காலியான வராண்டாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கோபமோ அழுகையோ எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் அவள் அம்மாவின் அதே குரலில் கேட்டாள்:

"அப்பா, வெள்ளம் வடிஞ்சிடுச்சா?"